வளவுக்குள் வைக்கக் கூடாத ஜெனரேட்டர்

படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) சாந்திக்கோ (அறுபதாம் கல்யாணம் போன்றவை) வீடு திறக்கும்போதுதான் பல செட்டிநாட்டு வீடுகளில் ஜெனரேட்டர் நினைவுக்கு வரும். எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறன்) என்பதற்கு முன்னால், எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

"மேலே வானம் தெரிகிறது, புகை போய்விடும்" என்று வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், வைப்பவர்கள் உண்டு. போகாது. நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த இடத்தில் காற்று சுழன்று, புகையை முற்றத்தைச் சுற்றியுள்ள பத்திகளுக்கும் அறைகளுக்கும் தள்ளும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. உறங்குகிறவருக்குத் தெரியாமலே உயிரை எடுத்துவிடும். திண்ணையும் முகப்பும் ஆகாது. சன்னலையும் கதவையும் விட்டு 20 அடியாவது தள்ளி, புகைக்குழல் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வெளியே வையுங்கள். நம் வீடுகளில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். வெளியேறும் வாசல் பக்கம்தான் ஜெனரேட்டருக்கு இடம்.

தள்ளி வைத்தால் ஒயர் நீளும். 30 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு கேபிள் போடுங்கள். 10 ஆம்பியர் இழுத்தாலும் 5 வோல்ட்டுக்குள்தான் குறையும். கேபிளைச் சுருட்டியபடி ஓட்டினால் சூடேறி உறை உருகும்.

இனி அளவு. 9 வாட் எல்இடி பல்பு 12, 75 வாட் ஃபேன் 6, ஃபிரிட்ஜ் 150, செல்போன் சார்ஜர்கள் 50: மொத்தம் 760 வாட்டை ஒட்டி வரும். ஆனால் ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். அதற்கு 2 முதல் 2.5 கேவிஏ போதும். 1 எச்பி கிணற்று மோட்டார் ஓடும்போது 1,000 வாட்டுக்கு மேல் எடுக்கும், கிளம்பும்போது 3,000 தாண்டும். அதையும் சேர்த்தால் 5 கேவிஏ வேண்டும். அப்போதும் மோட்டாரை முதலில் போட்டு, அது நிதானித்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். தொடர்ந்து ஓட்டும்போது முக்கால் பங்கு லோடுக்கு மேல் ஏற்ற வேண்டாம். டிவி, லேப்டாப் மட்டும்தான் என்றால் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் நல்லது; விலை கூட, சத்தம் குறைவு. பந்தல் போட்டு நூற்றுக்கணக்கில் விருந்தாளி வரும் கல்யாணத்துக்கு இதெல்லாம் பத்தாது, சைலண்ட் டீசல் செட்டை வாடகைக்கு எடுப்பதே சரி.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைத் தாக்கும். லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். எர்த் கம்பியை அவரே அடிக்கட்டும். இந்தப் பக்கத்துச் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கோடையில் காய்ந்து கிடக்கும். கம்பியடியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பெயருக்குத்தான். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம்: நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காத ஜெனரேட்டரில் அது விழாமல் போகலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது லோடு எதுவும் இருக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஆயில் பார்த்து, பெட்ரோல் குழாய் திறந்து, சோக் இழுத்துக் கயிற்றை இழுங்கள். மூன்று நிமிடம் சூடாகட்டும், வோல்டேஜ் 220 முதல் 240க்குள் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து லோடு கொடுங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கிறதென்று எஞ்சின் வேகத்தை வைக்கும் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகுவது பழைய கெட்ட பழக்கம். சாதாரண செட்டில் 3,000 ஆர்பிஎம் இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ். பெட்ரோல் ஊற்றுமுன் அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

200 சிசி அளவுள்ள எஞ்சினுக்குச் சுமார் 0.6 லிட்டர் ஆயில் பிடிக்கும். முதல் மாற்றம் 20 மணி நேரம் ஓடியதும், பிறகு 100 மணிக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரை 50 மணிக்கொருமுறை சுத்தம் செய்யச் சொல்வார்கள். புழுதித் தெருவில் பாதியிலேயே செய்துவிடுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறு, டேங்கை நிரப்பியபடி விட்டுச் செல்வது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் பிசினாகிக் கார்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். அப்புறம் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், பல்பு துடிக்கும். டேங்கைக் காலி செய்து, குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். இவ்வளவு செய்தும், நெடுநாள் கழித்து எஞ்சின் ஓடியும் கரண்ட் வராவிட்டால் முதலில் பிரேக்கரைப் பாருங்கள். அது சரியென்றால், கரண்ட் உண்டாகத் தொடங்க உள்ளே இருக்க வேண்டிய மிச்சக் காந்தம் போயிருக்கலாம். 12 வோல்ட் பேட்டரி கொடுத்து அதை உயிர்ப்பிக்கும் வேலை மெக்கானிக்குடையது.