நிவாரணப் பட்டியல் எழுதப் போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாரியில் எங்கள் பக்கம் வெள்ளம் ஏறியபோது, புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு தம்பி நிவாரணப் பட்டியல் தயாரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குடும்பப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து, மேலிருந்து கீழாகப் பெயர்களை இறக்கிக்கொண்டிருந்தார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. எனக்கோ நெஞ்சு திக்கென்றது. 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது நானும் இப்படித்தான் இருந்து எழுதினேன்.

இலங்கையின் வடக்கே வன்னியில் கிராம அலுவலராகக் கொரோனாவின் இரண்டு வருசத்தையும் கடந்தவன் நான். முகக்கவசம், இடைவெளி, கூட்டல் கழித்தல் எல்லாம் சுற்றறிக்கையே உங்களுக்குச் சொல்லும். சுற்றறிக்கையில் வராதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குடும்ப அட்டையைக் குடும்பம் என்று நினைத்தல்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு உலை வைக்கலாம் என்றிருந்த சனம் ஒரே இரவில் வீட்டுக்குள் முடங்கியது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு வந்தது. அரசின் வறுமை உதவியான சமுர்த்தி எடுப்பவர்கள், சமுர்த்திக்குக் காத்திருப்பவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் என்று வகை பிரித்துப் பெயர் கேட்டார்கள். கைவசம் பழைய பட்டியல்கள் இருந்தன. அவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒரே இருப்பில் எழுதி அனுப்பினேன். வேலை விரைவாக முடிந்ததென்று அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில நாளில் சமுர்த்தி உத்தியோகத்தரும் நானும் ஒரு வளவுக்குப் போனோம். அங்கே இருந்த அம்மாவுக்குப் பணத்தைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, பின்பக்கத்துக் கிடுகுக் கொட்டிலில் இருந்து புகை வருவதைக் கண்டேன். அம்மாவின் மகள், வயது இருபத்தேழு இருக்கும். இரண்டு சின்னப் பிள்ளைகள். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு அவிந்துகொண்டிருந்தது; பக்கத்தில் சம்பலுக்கு இடித்த மிளகாயும் உப்பும், தேங்காய் இல்லை. புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கடை பூட்டு, சம்பளம் இல்லை, ஊருக்கு வரவும் வழியில்லை. அவளுடைய பதிவு கலியாணம் முடித்துப் போன ஊரில் இருந்தது. ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து விரித்தாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, அவற்றோடு 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் கொடுத்த அட்டையும் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

"ஐயா, அங்க ரெலிபோன் எடுத்துக் கேட்டா, இருக்கிற இடத்தில கேக்கச் சொல்லீனம். உங்களிட்ட கேட்டனுப்பினன், பதிவு உள்ள இடத்தில கேக்கச் சொன்னீங்களாம். நான் எங்க போறது?"

அப்படிச் சொல்லி அனுப்பியவன் நான்தான். யார் வந்து கேட்டது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. மே மாதக் கொடுப்பனவுக்கு அவளுடைய பெயரைச் சேர்த்தேன். ஏப்ரல் காசு போனது போனதுதான். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மீதே ஆத்திரம் வரும். இதே பிழையை இன்னொருவர் செய்வதைக் கண்டால் அந்த ஆத்திரம் இரண்டு மடங்காகும்.

இந்தப் பிழை எங்கும் நடக்கலாம், ஆனால் வன்னியில் இது பெரும்பிழை. 2008, 2009இல் கடைசிச் சண்டையின்போது இங்கிருந்த சனம் பாயும் பானையுமாக ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. முகாமில் ஒரு பதிவு, மீள்குடியேற்றத்தில் ஒரு பதிவு, பிறகு கலியாணத்தால் ஒன்று. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் காணிப் பத்திரம் இல்லாமல் பதிவில் அரைகுறையாக நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தகப்பனுடைய பேரில் பேர்மிற் (அரசு அனுமதிப் பத்திரக்) காணி ஒன்று, அதற்குள் மூன்று பிள்ளைகளின் மூன்று கொட்டில், அட்டையோ ஒன்றுதான். புருசனைச் சண்டையில் இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் பதிவேட்டில் "மகள்" என்ற ஒற்றைச் சொல்லாகவே கிடப்பார்கள்.

ஆகவே பதிவேட்டை அலுவலகத்தில் வைத்துவிட்டு ஊருக்குள் நடவுங்கள். பின்னேரம் ஐந்து, ஆறு மணி நல்ல நேரம், புகை தெரியும். வளவுக்குள் போய் "எத்தனை குடும்பம்?" என்று கேட்டால் அட்டையை நினைத்துக்கொண்டு "ஒண்டு" என்பார்கள். "எத்தனை அடுப்பு எரியுது?" என்று கேளுங்கள். மூன்று என்று பதில் வரும்.

பிறகு மருத்துவமாதுவிடம் போங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எந்தக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்பது எங்களைவிட அவவுக்குத் தெரியும். அவவின் பதிவில் இருந்து உங்கள் பட்டியலில் இல்லாத பெயர்தான் நீங்கள் தேடவேண்டிய பெயர். சந்திக் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். கடன் கொப்பியைக் காட்டச் சொல்ல வேண்டாம், அது அவருடைய வியாபாரம். "இப்ப ஆர் புதுசா கடன் கேக்கினம்?" என்று கேட்டால் போதும்.

வேறு பிரிவில் பதிவுள்ளவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தப் பிரிவு அலுவலருக்கு அவர் முன்னாலேயே தொலைபேசி எடுங்கள். அங்கே கொடுக்கவில்லை என்று உறுதியானால், "வசிப்பு இங்கே, பதிவு அங்கே, பேசி உறுதிசெய்யப்பட்டது" என்று திகதியோடு தனித்தாளில் எழுதி, முதற் பட்டியலோடு அன்றைக்கே அனுப்புங்கள். இரட்டைக் கொடுப்பனவு என்று கணக்காய்வில் கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள் இருக்கும். பிறகு அனுப்புவோம் என்று வைத்த தாள் பிறகும் போகாது.

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தது. இப்போது புதியவர்கள் அந்தப் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள். அது உதவிக்கு விண்ணப்பித்துத் தெரிவானவர்களின் பட்டியல். ஊரில் இருப்பவர்களின் பட்டியல் அன்று.

எல்லாருக்கும் அரிசி

ஊரடங்கு வந்தது காலபோக (மாரிகால) நெல் அறுவடை முடிகிற நேரம். பல வீடுகளில் நெல் மூட்டை இருந்தது, ஆனால் மில் பூட்டிக் கிடந்தது, விற்கவும் ஆளில்லை. அந்த வீடுகளுக்கு அரிசிப் பொதி கொண்டுபோய் இறக்கினோம். அவர்கள் கேட்டது பால்மா, மண்ணெண்ணெய், நீரிழிவுக் குளிசை. இரண்டு நாள் மில்லைத் திறக்க அனுமதி எடுத்துக் கொடுத்திருந்தால் அரிசியில் பாதி மிஞ்சியிருக்கும், அது காணியே இல்லாத குடும்பங்களுக்குப் போயிருக்கும்.

படம்

வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள், எடுக்க விடாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் யாருடைய கையால்?

2020 மார்ச்சில் பாராளுமன்றம் கலைந்தது, ஆகஸ்ட் 5இல் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மாதங்கள் முழுக்க நிவாரணக் காலம். வேட்பாளரின் ஆட்கள் "நாங்களே கொடுக்கிறோம், பட்டியலை மட்டும் தாருங்கள்" என்று வருவார்கள். பட்டியலைக் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது சனத்தின் வறுமை.

பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் சனத்தை அலையவிடுதல்

குடிநீர் பவுசர், சந்தை, குப்பை சபையின் வேலை. கொடுப்பனவும் பட்டியலும் செயலகத்தினுடையவை. யாரிடம் போவதென்று ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிய வீட்டை மறத்தல்

2020 கடைசியில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபாய் பெறுமதியான பொருட்கள் இரண்டு தவணையாகக் கொடுக்கப்பட்டன. பொதியைப் படலையில் வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வீட்டில் நாலு பசு மாடு கட்டையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மேய்க்க வெளியே போகக் கூடாது, பக்கத்து வீட்டார் பயத்தில் கிட்ட வரவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக ஓர் ஆளைப் பிடிக்க அரை நாள் போனது. டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியபோது இந்தப் பிரச்சினை இன்னும் பெரிதாகத் தெரிந்தது: தனிமைப்பட்ட வீட்டுக்காரரை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது? மழைக்கு முன்பே ஒரு தனிக் கட்டடத்தைச் சுகாதார வைத்திய அதிகாரியோடு பேசி ஒதுக்கி வையுங்கள்.

கையொப்பம்

எழுத்து வாசிக்கத் தெரியாதவரிடம் பெருவிரல் அடையாளம் வாங்கும் முன் தொகையை உரத்து வாசித்து, காசை அவர் முன்னாலேயே எண்ணி அவருடைய கையில் வையுங்கள். பக்கத்தில் நிற்கும் மகனுடைய கையில் அல்ல.