சர்வதேச உறவுகள் படிப்பு: வரவு செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச உறவுகள் படிப்பால் என்ன வருமானம் வரும் என்று கணக்குப் போடும் குடும்பங்கள் செய்யும் முதல் தவறு, இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியின் சம்பளத்தை அந்தப் படிப்பின் வரவில் எழுதிக்கொள்வதாகும். அந்தப் பணியில் சேருபவரின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி மாதம் 56,100 ரூபாய். வெளிநாட்டில் பணியாற்றும்போது தனிப்படிகளும் உண்டு. ஆனால் அதற்குள் நுழையும் வாசல் குடிமைப் பணித் தேர்வு ஒன்றே, அந்தத் தேர்வை எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். பொறியியல் படித்தவரும் கால்நடை மருத்துவம் படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று உதாரணம் காட்டுபவர்கள், 1977இல் அவரை அந்தப் பணிக்குள் கொண்டுவந்தது தேர்வுதான் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

படிப்பு அந்தத் தேர்வுக்கு உதவவே உதவாது என்பதும் சரியல்ல. மொத்தமுள்ள 2,025 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களுக்கு 500 மதிப்பெண் உண்டு. அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. பொது அறிவுத் தாள் ஒன்றிலும் இந்தியாவின் அயலுறவு பற்றிய வினாக்கள் வருகின்றன. அந்த உதவியின் அளவுக்கு வரவு எழுதலாம். கூடவே செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் ஆறு முறையும், இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினர் 35 வயதுக்குள் ஒன்பது முறையும் எழுதலாம் என்ற சலுகை, வருமானமில்லாமல் சென்னை அண்ணா நகரில் பயிற்சி மையக் கட்டணமும் விடுதி வாடகையும் கட்டிக்கொண்டிருக்கும் ஆண்டுகளாகவும் மாறக்கூடும்.

அடுத்த தவறு கடனைப் பற்றியது. வீட்டை அடகு வைக்கும் அளவுக்குப் போகக்கூடியது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாய் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்வதை, அதுவரை வட்டி இல்லை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டுவிட்டதாகக் கொண்டால், தனிவட்டியாகப் பார்த்தாலும் ஆண்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம், இரண்டு ஆண்டுகளில் 4 லட்சத்து 40 ஆயிரம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 24 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 33,600 ரூபாய், மொத்தம் 40 லட்சத்துக்கு மேல். தவணையைக் குறைப்பதற்காகப் பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய் அளவுக்குக் குறையும். கட்டும் மொத்தமோ 50 லட்சத்தைத் தொட்டுவிடும். படிப்பை முடித்து இந்தியாவுக்குத் திரும்பி, ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேருபவரின் கையில், இந்தத் தவணை போக என்ன மிஞ்சும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரிய தொகைக்குச் சொத்துப் பிணை கேட்பார்கள் என்பதால், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ உள்ள ஒரே வீட்டின் பத்திரம் அந்தக் கணக்கோடு கட்டுண்டு கிடக்கும்.

அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் விசா விதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு ஓராண்டுக்குப் பணிப் பயிற்சி அனுமதி கிடைக்கும். மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்கே உரியது, சர்வதேச உறவுகள் பெரும்பாலும் அதில் அடங்காது. கணினிப் பொறியியல் படித்த அண்ணன் மூன்று ஆண்டு அங்கே சம்பாதித்தார் என்பதை வைத்துத் தம்பியின் படிப்புக்குக் கடன் வாங்குவது இங்கேதான் இடறுகிறது. பிரிட்டனில் முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளாக இருந்த தங்கும் அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்படுகிறது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு தவறும் உண்டு. ஒரே தெருவில், சொல்தா குடும்பத்துப் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின் குடும்பம்) பெண் பாரிசில் அரசறிவியல் படித்துப் பெரிதாகச் செலவில்லாமல் முடித்துவிட்டாள் என்ற செய்தி அடுத்த வீட்டுக்கு வரும். அந்த வீடும் அதே கணக்கை வைத்துக் கிளம்பும். அவள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவள் என்பது கணக்கில் விடுபட்டுப்போகும். 2019இல் பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக் கட்டணம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டுக்கு 3,770 யூரோவாக உயர்த்தப்பட்டது; பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 243 யூரோவாக இருந்தது. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு விலக்கு அளிப்பதால், எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு விலக்குகிறது என்று கேட்டறிவது பயனுள்ள வேலை. கட்டணம் போகட்டும், படிப்பு முடிந்தபின் வேலை தேடும் உரிமையிலும் இந்தக் கடவுச்சீட்டு வேறுபாடு அப்படியே தொடர்கிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

ஐ.நா. வேலை என்ற கனவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிகளுக்கு ஊதியம் கிடையாது, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவு நம்முடையது.

இவ்வளவு சொன்னதால் இந்தப் படிப்பே நட்டம் என்று முடிவுகட்டுவதும் பிழைதான். குறைந்த செலவில் படித்தால் கணக்கு வெகுவாக மாறுகிறது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம்; அங்கு அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது. கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். ஆனால் அதன் முதுகலைச் சேர்க்கை தேசிய நுழைவுத் தேர்வு வழியாக நடப்பதையும், அதற்கான விண்ணப்பம் இறுதிப் பருவத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுவதையும் அறியாமல், பட்டப் படிப்பின் முடிவு வந்தபிறகு விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஓராண்டு வீணாகிறது. முதுகலைக்குப் பின் யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். படிக்கும்போதே பிரெஞ்சு மொழியையோ புள்ளியியலையோ சேர்த்துக் கற்றவருக்குத் தூதரக அலுவலகம், ஏற்றுமதி நிறுவனம், செய்தி ஊடகம் என்று வாய்ப்புகள் கூடுகின்றன. வேலை தருபவர் பட்டத்தின் பெயரைவிட அந்தத் திறனுக்கே பணம் தருகிறார் என்பது என் கருத்து. புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேசில் பிரெஞ்சு கற்கும் வசதி இருக்கும்போது, அதை விட்டுவிட்டு வெறும் பட்டத்தோடு வெளியே வருவது வீட்டுக் கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதற்குச் சமம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியராகும் எண்ணம் இருப்பவர்கள் சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று இணைத்தன்மை. அரசியல் அறிவியல் பணியிடத்துக்கு அறிவிப்பு வரும்போது, சர்வதேச உறவுகள் என்ற பெயரில் உள்ள முதுகலைப் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பது சான்றிதழ் சரிபார்ப்பின்போது கேட்கப்படும். அரசாணைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் சொல்லியே வெளியிடப்படுவதால், வேறொரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு வந்த ஆணையைக் காட்டி வாதாட முடியாது. சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டு, அதற்கான ஆணையின் எண்ணைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பின்னரே சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டுங்கள்.