நிற்க வைத்துப் பார்த்தால் போதாது

வயதானவர்களின் சமநிலையைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போகத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது என்னோடு வரும் இளம் இயன்மருத்துவர்களும் நான் அன்று விட்ட பிழைகளையே விடுகிறார்கள். ஈரத் தரை, மங்கிய விளக்கு, தேய்ந்த செருப்பு எல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விடுவோம்.

அசையாமல் நிற்பதை வைத்து முடிவெடுப்பது

எனக்கு இன்னும் ஆறாத பிழை இது. ஓர் ஆச்சி, எண்பதை நெருங்கியவர். விறாந்தையில் காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். அரை நிமிடம் ஆடாமல் நின்றார். "பயப்பட ஒன்றுமில்லை" என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் கிழமை, கிணற்றடியில் நனைந்த சேலையைக் கொடியில் போடக் கையை உயர்த்தியவர் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு முறிந்தது. "நான் நல்லாத்தானே நிண்டனான் பிள்ளை, கையைத் தூக்கத்தான்..." என்றார், கட்டிலில் கிடந்தபடி.

விஷயம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. கையை முன்னே உயர்த்தினால் உடம்பின் பாரம் முன்னுக்குச் சாயும். மூளை அதை முன்பே கணித்து, கை அசையச் சற்று முன்னரே பின்தொடைத் தசையையும் முதுகுத் தசையையும் இறுக்கிவிடும். 1967இலேயே சோவியத் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். வயது போகப் போக இந்த முன்னேற்பாடு பிந்துகிறது, பலமும் குறைகிறது. உடம்பு ஆடிய பிறகுதான் திருத்தம் வரும். பலர் முன்தசை பின்தசை இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு கட்டைபோல நிற்கப் பார்ப்பார்கள். சும்மா நிற்க வைத்தால் இதில் ஒன்றும் தெரியாது. நிற்க மட்டும் வைத்துவிட்டு "சமநிலை நன்று" என்று எழுதிய தாளைக் கண்டால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பேணியை எடுக்கச் சொல்லுங்கள். கதிரையில் இருந்து எழும்பி மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்லுங்கள். எத்தனை விநாடி என்று குறித்தால் மட்டும் போதாது. திரும்பும் இடத்தில் எத்தனை சின்ன அடி வைக்கிறார், மற்றக் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்.

கையை இறுக்கிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பது

நாங்கள் தாங்கினால் அவருடைய கால் தசை அந்த முன்வேலையைக் குறைத்துவிடும். சரி, விழுந்துவிட்டால்? கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள், பிடிக்காதீர்கள்.

நித்திரைக் குளிசையை விசாரிக்காமல் விடுவது

விசாரியுங்கள்.

நடக்கும்போது கதைத்துப் பார்க்காதது

கேள்வி கேட்டதும் நடையை நிறுத்திப் பதில் சொல்பவரைக் குறித்து வையுங்கள். நடையே அவருடைய கவனம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

அவசரப்படுத்துவது

போன் அடித்தால் குசினியில் இருந்து ஓடிவரும் அம்மாமார் நிறையப் பேர். அவசரத்தில் எழும்பித் திரும்பும்போது அந்த முன்னேற்பாட்டுக்கு நேரமே கிடைக்காது. கனடாவில் இருக்கும் மகனிடம் நானே சொல்வதுண்டு: "தம்பி, அம்மா எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். ஆறுதலாக வந்து அவரே கூப்பிடுவார்."