சர்க்கரை போடாத பழக் கொன்ஃபி

கொன்ஃபி என்றால் நறுக்கிய பழங்களையும் காய்களையும் புளிக்கரைசல், மிளகாய் உப்போடு புரட்டிச் சாப்பிடுவது. அன்னாசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைச் சரியாகப் பார்த்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் மொரீஷியஸில் கிடைப்பது விக்டோரியா அன்னாசி. சின்னப் பழம், உள்ளே நல்ல மஞ்சள், நடுத்தண்டுகூட மென்றுவிடலாம். அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் மணக்க வேண்டும். மணம் இல்லாததை, இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும் என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள். செடியிலிருந்து அறுத்த பிறகு அன்னாசியின் நிறம் மாறும், தொட்டால் மெத்தென்று ஆகும், ஆனால் இனிப்பு ஏறாது. எனக்கு அந்த இனிப்பு முக்கியம், ஏனென்றால் என் கொன்ஃபியில் சர்க்கரை கிடையாது.

கடற்கரையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், மோன் ஷுவாஸி பக்கம் போனால் சவுக்கு மர நிழலில் விற்பார்களே, அந்தக் கொன்ஃபி ருசியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் புளிக்கரைசலில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். இந்தத் தீவில் அது எட்டிப் பார்க்காத குடும்பம் அரிது. அவருக்கும் ஆசை இருக்கும் அல்லவா?

நாலு பேருக்கு ஒரு விக்டோரியா அன்னாசி, ஒரு பெரிய மாங்காய், இரண்டு ஃப்ரிசிதேர், ஒரு வெள்ளரி போதும். ஃப்ரிசிதேர் என்பது மாங்காய் மாதிரி புளிக்கும் ஒரு காய், இலங்கைக்காரர்கள் அம்பரெல்லா என்பார்கள். மாங்காய் செங்காயாக இருக்கட்டும். கல் போன்ற பச்சைக்காய் போட்டால் புளியோடு சேர்ந்து பல் கூசும், பழுத்தது குழைந்துவிடும்.

முதலில் புளி. 40 கிராம் கொட்டையில்லாத புளியை 150 மில்லி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கரைத்து, நார் போக வடிகட்டுங்கள். பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் வேண்டாம். கரைசல் கரண்டியில் லேசாகப் படியும் பதத்தில் இருக்க வேண்டும். ரசத்துக்குக் கரைப்பதுபோல் தண்ணீராக விட்டால் பழத்தில் ஒட்டாமல் அடியில் தேங்கிவிடும்.

அப்புறம் மிளகாய். எங்கள் ஊர்ச் சின்னப் பச்சை மிளகாய் மூன்று, கல்லுப்பு அரைத் தேக்கரண்டி. இரண்டையும் ரோஸ் காரியில், அதாவது எங்கள் வீட்டு அம்மியில், நசுக்க வேண்டும். மிக்ஸி வேண்டாம். அது விதையை அரைத்துக் கூழாக்கிவிடும், ஒரு வாய் காரம், ஒரு வாய் சப்பென்று என்கிற விளையாட்டே போய்விடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்குங்கள். புளிப்பு இருப்பதால் குறை தெரியாது.

இப்போது வெட்டுவது. மாங்காயைத் தோல் சீவி விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். ஃப்ரிசிதேருக்கு உள்ளே முள் முள்ளான நார்க்கொட்டை, அதனால் சுற்றிச் செதுக்கித்தான் எடுக்க முடியும். பிள்ளைகளுக்குக் கொட்டையோடு கொடுக்காதீர்கள். இந்த இரண்டிலும் மிளகாய் உப்பில் பாதியைப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கி, காய் கொஞ்சம் தண்ணீர் விடும். அதைக் கொட்டாதீர்கள், புளிக்கரைசலில் சேருங்கள்.

அந்த நேரத்தில் அன்னாசி. கொண்டையைப் பிடித்துக்கொண்டு மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். கண்கள் வெளியே தெரியும். உற்றுப் பார்த்தால் அவை சாய்வாகச் சுற்றி இறங்குகிற வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் இரு பக்கத்திலும் கத்தியைச் சரித்துக் கீறினால் கண்கள் தொடராகப் பெயர்ந்து வரும், நல்ல சதை வீணாகாது. கடற்கரைக்காரர்கள் கொண்டையைக் கைப்பிடியாக விட்டு முழுசாகவே கொடுப்பார்கள். வீட்டில் நீளவாக்கில் எட்டாகப் பிளந்தால் போதும். வெள்ளரியைத் தோலோடு நறுக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, புளிக்கரைசலில் முக்கால் பங்கை ஊற்றி, மீதி மிளகாய் உப்பைத் தூவிக் கையால் இரண்டு புரட்டு. உடனே சாப்பிட வேண்டும். அரை மணி தாண்டினால் வெள்ளரி துவண்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும்.

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்காக வாளி வாளியாகச் சாப்பிட முடியாது, பழத்திலும் சர்க்கரை இருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஒரு சின்னக் கிண்ணம், அதில் வெள்ளரி கூடுதல், அன்னாசி இரண்டு துண்டு. அவர் என் கிண்ணத்திலிருந்து எடுப்பது வேறு கணக்கு.

சிலர் நட்சத்திரப் பழமும் சேர்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷம் மாதிரி, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். விருந்தாளிகள் வரும் வீட்டில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை. குளிர்காலத்தில் ப்ளேன் ஷாம்பாஞ் பக்கம் புதர்களில் பறிக்கும் சின்னச் சிவப்புக் கொய்யாவுக்குப் புளியே வேண்டாம், மிளகாய் உப்பு மட்டும் போதும். மிச்சமான புளிக்கரைசலை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.