பழைய அமெரிக்கப் பாட்டுத்தாளில் இன முத்திரையைப் படிப்பது எப்படி

ரேடியோ வருவதற்கு முன் அமெரிக்காவில் புதுப் பாட்டு பெரும்பாலும் பியானோ உள்ள வீடுகளுக்கு அச்சிட்ட தாளாகத்தான் விலைபோனது. ஓர் இனத்தவர் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் மெட்டு, சொல், படம் ஆகியவைதாம் இங்கே இன முத்திரை. அந்தத் தாள்களின் ஸ்கேன்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி சேகரிப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இசைத்தட்டுகளை லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ இணையதளத்தில் கேட்கலாம்.

முதல் பதிப்பையே எடுங்கள். ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1853-இல் வெளியிட்ட ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ பாட்டில் கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல், கென்டக்கி மாநிலப் பாடல் என்ற அளவில் 1986-இல்தான் மாற்றப்பட்டது. பிற்காலத் தொகுப்பை வைத்து ஆராய்ந்தால், தேடி வந்ததே அதில் இருக்காது.

அட்டைப்படத்தை மூடிவையுங்கள். படத்தைப் பார்த்துவிட்டால் காது அதன் பின்னால் போய்விடும். சொற்களையும் விட்டுவிட்டு, மெட்டை மட்டும் கீபோர்டில் வாசியுங்கள். இடது கையில் காந்தாரம் இல்லாமல் ச-ப மட்டும் நான்கு சம அடியாக விழுந்து, முதல் அடி ஓங்கி ஒலித்தால், அது அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சுட்டப் பயன்பட்ட ‘டாம்-டாம்’ அடி. நூற்றுக்கணக்கான தனித்தனி மக்களுக்கும் சேர்த்து இந்த ஒரே முரசு! சிறிய காந்தாரத்தோடு ‘ச ரி க ரி ச’ என்று நெளிந்தால் அரபு நாடு. 1893 சிகாகோ கண்காட்சியின் நடன அரங்கோடு சேர்த்துச் சொல்லப்படும் மெட்டு அது. சீனர் என்றால் ‘த த த த ப ப க க ப’.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்தச் சீன மெட்டில் வரும் சுரங்கள், ஐந்து சுரம் கொண்ட நம் மோகன ராகத்தின் சுரங்கள்தாம். ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டிலும் அவை உண்டு. ஐந்து சுரம் இருப்பது மட்டும் சான்றாகாது. ஒரே சுரம் வெட்டுவெட்டாகத் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நான்காம் இடத்தில் கீழே உள்ள சுரமும் கூடவே ஒலிக்கிறதா, சீனர் பேச்சு வரும் இடத்தில் மட்டும் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் முத்திரை. மெட்டிலேயே அது பதிந்திருந்தால், சொற்களைத் திருத்திவிட்டாலும் போகாது.

அடுத்து சொற்கள். எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ‘தி’ என்பதை ‘டி’ என்று கொச்சையாக அச்சிட்டிருந்தால் அது மின்ஸ்ட்ரல் மேடையின் பாணி. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல நடித்த மேடை அது. அதே ஆசிரியரின் வேறு பாட்டோடு ஒப்பிடுங்கள். ஃபாஸ்டரின் 1851 ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ கொச்சையில் இருக்கிறது; 1854 ‘ஜீனி’ பாட்டு சுத்தமான ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருக்கு எந்த மொழி என்று முடிவு செய்தது எழுதிய கைதான்.

வசைச்சொல்லே இல்லாத பாட்டிலும் முத்திரை இருக்கும். 1918-இல் வந்த ‘ஹிந்துஸ்தான்’ பாட்டில் ஒட்டக அணிகளின் ஒலி, கோயில் மணி, மயில் எல்லாம் வரிசையாக வந்து, ஒரு நாடே காதலியைச் சந்தித்த இடமாகச் சுருங்கிவிடுகிறது.

அட்டையில் உள்ள பெயரை அப்படியே நம்பவேண்டாம். ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ முதலில் மின்ஸ்ட்ரல் குழுத் தலைவர் கிறிஸ்டியின் பெயரில்தான் வெளிவந்தது. எழுதியவர் கறுப்பினத்தவர் என்பதால் பாட்டில் இழிவு இருக்காது என்றும் எண்ணிவிடாதீர்கள். 1896-இல் கறுப்பினத்தவரைக் குறித்த ‘கூன்’ (coon) என்ற ஆங்கில வசையைத் தலைப்பிலேயே தாங்கி வந்து பெரும் விற்பனை கண்ட பாட்டை எழுதிய எர்னஸ்ட் ஹோகன் கறுப்பினக் கலைஞர். மேடையும் பதிப்பகமும் கறுப்பினக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்ட வாசல் அவ்வளவு குறுகல். இதைக் குறிப்பில் எழுதாவிட்டால் பழி முழுவதும் அவர் தலையில் விழும்.

இப்போது அட்டையைத் திறக்கலாம். அசல் தாள் கையில் இருந்தால் அளந்து பாருங்கள்: சுமார் 13½ × 10½ அங்குலம் என்றால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தையது, 12 × 9 என்றால் பிந்தையது.

பட்டியலிடும்போது தலைப்பில் உள்ள வசைக்குப் புள்ளி வைத்து மறைக்காதீர்கள்; பின்னால் தேடுபவருக்குத் தாள் கிடைக்காது. தலைப்பை உள்ளபடி எழுதி, யாரைக் குறித்த வசை என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். வகுப்பில் போட்டுக்காட்டுவதானால் முன்பே சொல்லிவிட்டு, தேவையான எட்டு பார்களை (தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகளை) மட்டும் ஒலிக்கவிடுங்கள்.