தஞ்சையும் சுற்றுவட்டாரமும் காரில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூருக்குக் காரில் கிளம்புகிறவர்கள் முதலில் மேப்பைத் திறந்து தூரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கி.மீ. அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கி.மீ. தாராசுரம் போகிற வழியிலேயே இருக்கிறது. ஒரே நாளில் மூன்று சோழர் கோவில்களையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். தூரக் கணக்கு சரிதான். இந்தப் பக்கத்தில் திட்டம் போடும்போது அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நடை திறந்து சாத்தும் நேரம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வழக்கமாக நடப்பது இது. சென்னையில் விடியற்காலை கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் பெரிய கோவில் வாசலில் வந்து இறங்குவார்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கல் தரை கொதிக்கும். பிராகாரத்தில் போட்டிருக்கும் விரிப்பை விட்டுக் காலை வெளியே வைக்க முடியாது. குழந்தை அழும், அம்மாவுக்குத் தலை சுற்றும், நந்தி முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு காருக்கு ஓடிவிடுவார்கள். நாலு மணி வரைக்கும் எங்கே போவது என்று தெரியாமல் ஹோட்டலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே முதல் நாள் வந்து சேருவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு தஞ்சையில் தங்கி, மறுநாள் காலை ஆறு, ஆறரைக்குள் கோவிலுக்குள் இருந்தால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் நிதானமாகக் கிடைக்கும். மாலையில் போவதானால் அன்று பிரதோஷமா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பிரதோஷ மாலையில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நிற்கவே இடமிருக்காது. கார் நிறுத்தவும் அலைய வேண்டும். பக்திக்காகப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள். சிற்பமும் கல்வெட்டும் பார்க்கப் போகிறவர்கள் வேறு நாள் போகலாம்.

அடுத்த தவறு, பெரிய கோவிலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. 1010இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த இந்தக் கோவிலின் பெருமை விமானத்தின் உயரத்தோடு முடிந்துவிடவில்லை. விமானத்தின் அடியில், இடுப்பு உயரத்தில், வரிவரியாக எழுத்து ஓடுகிறது. "நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. தான் கொடுத்ததற்கு அடுத்து அக்கா குந்தவை கொடுத்ததைச் சொல்கிறான். பிறகு தேவியர் கொடுத்தது, அப்புறம் மற்றவர்கள் கொடுத்தது. நகைகளின் எடை வருகிறது. சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும், யாருக்கு எந்த வீடு என்பதும் இதே வளாகத்தில் வேறொரு கல்வெட்டில் வருகிறது. எழுத்து பழையது, உடனே படிக்க வராது. ஆனால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் க, ட, ப, ம எல்லாம் மெல்லப் பிடிபடும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழில் ஒரு எழுத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளை அந்தக் கோவிலை மறக்காது.

கூடவே, கேட்ட கதைகளை அப்படியே நம்புவதையும் விட்டுவிடலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறார்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு மேற்குப் பிராகாரத்தில் நின்றால் நிழல் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அப்படித்தான். பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்தப் பெரிய நந்தி சோழர் காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது நாயக்கர் காலத்தது. தென்மேற்கில் திருச்சுற்று மாளிகைச் சுவரில் மராட்டி மொழியில் நீளமாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராட்டியரான போன்சலே குலத்தின் வரலாற்றை 1803இல் வெட்டி வைத்தது. சோழர், நாயக்கர், மராட்டியர் மூவரும் இந்த ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு சுற்றினால் பார்வையே மாறிவிடும்.

சரி, நண்பகலில் என்ன செய்வது? அரண்மனைக்குப் போங்கள். கூரை இருக்கிறது, கோவில் போல நாலு மணி வரை மூடிக் கிடப்பதில்லை. உணவு இடைவேளை விடும் பகுதிகள் உண்டு என்பதால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகத்துக்கு வழக்கமாகப் புதன்கிழமை விடுமுறை, அதையும் கணக்கில் வையுங்கள். அங்கே கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரின், அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனின், செப்புத் திருமேனி இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காளை இன்று இல்லை. அதன்மேல் சாய்த்து வைத்த வலக்கை மட்டும் அப்படியே காற்றில் தங்கியிருக்கிறது. ஒரு காலை லேசாக முன்னால் மாற்றி வைத்து, சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு ஒய்யாரமாக நிற்கிறார். பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், பின்புறமும் பாருங்கள். தஞ்சைக்கு வந்து இதைப் பார்க்காமல் போவதுதான், என்னைக் கேட்டால், இருக்கிற தவறுகளிலேயே பெரியது.

கும்பகோணம் போகும் சாலையிலும் பலர் ஏமாந்து போகிறார்கள். நான்குவழிச் சாலை வந்தபின் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் வழியில் இருப்பதெல்லாம் விட்டுப்போகும். கார் இருப்பதன் பயனே நினைத்த இடத்தில் நிறுத்த முடிவதுதான். அதனால் போகும்போது ஒரு வழி, திரும்பும்போது இன்னொரு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகப் போகும் பழைய சாலை. ஐயம்பேட்டைக்கு முன்னாலேயே பசுபதிகோயிலை ஒட்டிப் புள்ளமங்கை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துச் சின்னக் கோவில். அடித்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்காவிட்டால் வெறும் கல்லாகத்தான் தெரியும். கோவில் பூட்டியிருக்கிறதே என்று வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் "அண்ணே, குருக்கள் வீடு எங்கே?" என்று கேட்டால் போதும், யாராவது கூப்பிட்டு விடுவார்கள். குருக்கள் திறந்துவிட்டால் தட்டில் காணிக்கை போட மறக்க வேண்டாம். வருமானமில்லாத இந்தக் கோவில்களில் விளக்கு எரிவது அவர்களால்தான். பாபநாசத்தை ஒட்டித் திருப்பாலைத்துறைக் கோவிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கல்லில் குவிந்து நிற்கிறது. பத்து நிமிடம் போதும், ஆனால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, திருவையாறு வழியாகக் காவிரிக் கரையோரம் போகும் சாலை. தஞ்சையிலிருந்து திருவையாறு 13 கி.மீ.தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் வரிசையாகக் கடக்கிறோம். பாலங்களை எண்ணிக்கொண்டே போகச் சொன்னால் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தியாகராஜர் சமாதியைப் பார்த்து, சூடாக அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு, திருப்பழனம், திங்களூர், கபிஸ்தலம், சுவாமிமலை என்று போகலாம். சாலை குறுகல், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இந்த வழியில் போகாமலிருப்பதே நல்லது.

தாராசுரத்துக்குப் பலர் கொடுப்பது அரை மணி நேரம். யானை, குதிரை பூட்டிய தேர் போன்ற மண்டபத்தில் ஒரு படம், கம்பிக்குள் இருக்கும் இசைப் படிகளை எட்டிப் பார்த்து ஒரு படம், அவ்வளவுதான். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கருவறைச் சுவரின் அடியில், ஒரு சாண் உயரத்தில், அறுபத்துமூவர் வரலாறு சுற்றிலும் ஓடுகிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். இந்தக் கோவிலைக் கட்டியது அவன் மகன் இரண்டாம் இராஜராஜன். பாட்டு வந்த வேகத்திலேயே சிற்பிகள் கல்லில் எழுதிவிட்டார்கள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருவதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரியபுராணம் சுருக்கமாகவாவது தெரிந்துகொண்டு போனால்தான் இது பிடிபடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முந்தின இரவே கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

கும்பகோணத்தில் செய்யக்கூடாத ஒன்று, கோவிலுக்குக் கோவில் காரில் போவது. மகாமகக் குளம், நாகேசுவரன், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, கும்பேசுவரர் எல்லாம் நடக்கிற தூரம்தான். கடைத்தெருவில் கார் நுழைந்தால் நகராது, முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். வண்டியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நடங்கள், முடியாதவர்களுக்கு ஆட்டோ. நேரமில்லை என்றால் நாகேசுவரன் கோவிலை மட்டுமாவது பாருங்கள். கருவறைச் சுவரில் நிற்கும் முற்காலச் சோழர் சிற்பங்கள், ஆணும் பெண்ணுமாக, உயிரோடு நிற்பது போலவே இருக்கும்.

நவக்கிரகக் கோவில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டு, சோழர் கோவில்களையும் பார்க்க நினைக்கவே கூடாது. திங்களூரிலிருந்து திருநள்ளாறு வரை விரிந்து கிடக்கிற பாதை அது. அதற்கென்று தனி நாள் வையுங்கள்.

மேப்பில் ஊர்ப் பெயரைத் தட்டும்போதும் கவனம் வேண்டும். குரு தலமான ஆலங்குடி நீடாமங்கலம் பக்கம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு ஆலங்குடி உண்டு. கும்பகோணத்துத் திருபுவனத்தைத் தேடினால் மதுரைக்குப் பக்கத்துத் திருப்புவனம் முதலில் வரலாம். கும்பகோணத்துக்கு வடக்கே சோழபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது, அது கங்கைகொண்ட சோழபுரம் இல்லை. ஊரோடு கோவில் பெயரையும் மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தைக் கடைசியில் வைத்து, நேரம் போதாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதை முதலில் வையுங்கள். கும்பகோணத்தில் தங்கி விடியற்காலை கிளம்பினால் எட்டு மணிக்குள் அங்கே இருக்கலாம். வழியில் அணைக்கரை வரும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கீழணை அது. அந்த அணைக்காகத்தான் கங்கைகொண்ட சோழபுரத்து மதிலையும் பல கட்டுமானங்களையும் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். அங்கே கொஞ்சம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனால், கோவிலைச் சுற்றி ஏன் வெறும் புல்வெளியாக இருக்கிறது என்பது புரியும். தஞ்சை விமானம் நேராக ஏறும், இராசேந்திரன் எழுப்பிய இந்த விமானம் மெல்ல வளைந்து ஏறும். வடக்குப் படிக்கட்டை ஒட்டிச் சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன் உட்காருங்கள். தலை குனிந்து கைகூப்பி இருக்கும் அந்த அடியாரின் முகத்தை விட்டு நகர மனம் வராது. அப்படியே இரண்டு கி.மீ. தள்ளி மாளிகைமேட்டில் அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனைச் செங்கல் தளத்தையும் பார்த்துவிடலாம்.

கல்லணையைத் தஞ்சைப் பட்டியலில் நுழைக்க வேண்டாம். திருச்சி வழியாக வரும் நாளிலோ திரும்பும் நாளிலோ பார்ப்பதுதான் வசதி. மே மாதத்தில் போய், காவிரி மணலாகக் கிடக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஆறும் வயலும் நிறைந்து பார்க்க வேண்டுமானால் ஆடி பிறந்த பிறகு வாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் ஆற்றங்கரைச் சாலைகளில் கூட்டம் நெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாராசுரத்து முன்புறம் தண்ணீர் தேங்குவதுண்டு.

கடைசியாக, இரவில் ஓட்டுவது. டெல்டாவின் உட்சாலைகளில் இருட்டியபின் ஓட்டுவதைத் தவிர்க்கவும். மாடுகள் படுத்திருக்கும், விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் முன்னால் போகும், பல இடங்களில் சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே தடுப்பே இருக்காது. தையில் சம்பா அறுவடையின்போது பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இரவில் அது தெரியாது. பகலிலும் அந்த நெல்லின் மேல் டயரை ஏற்றாமல் ஒதுங்கி மெதுவாகப் போங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள் என்பதற்காக, வேறு களம் இல்லாமல்தான் அங்கே காயவைத்திருக்கிறார்கள்.