மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் கொதித்தது?

கிட்டில் வந்த விமானத்தைக் கட்டி முடித்து, சோதனைப் பறத்தல் ஆரம்பித்ததும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தது சிலிண்டர் தலைச் சூட்டைத்தான். காற்றால் குளிரும் லைகாமிங் ஓ-320 எஞ்சின். வலப்பக்கம் பின்னால் உள்ள மூன்றாவது சிலிண்டர் மட்டும் மேலேறும்போது 430 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. உச்ச வரம்பு 500தான். ஆனாலும் எஞ்சின் நீண்ட நாள் உழைக்க, சீராகப் பறக்கும்போது 400க்குள் இருப்பது நல்லது.

முதலில் சென்சார் மேல் சந்தேகம். நான்காவதோடு மாற்றிப் போட்டேன். சூடு மூன்றாவதிலேயே நின்றது. சரி, காற்றுதான் போகவில்லை.

இந்த சிலிண்டரின் பின்பக்கத்தில் ஃபின்களுக்கு, அதாவது சூட்டை வெளியேற்றும் உலோக இதழ்களுக்கு, ஆழமே கிடையாது. காற்றைத் திருப்பிவிடும் அலுமினியத் தடுப்புத் தகடு அதோடு ஒட்டி உட்கார்ந்தால் காற்று கீழே இறங்க வழியில்லை. திருகைக் கழற்றி, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வாஷர் வைத்தேன். நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது.

அப்புறம் ராத்திரியில் ஹேங்கர் விளக்கை அணைத்து, எஞ்சினுக்கு அடியில் பல்பை வைத்து மேலிருந்து பார்த்தேன். தகட்டு மூலைகளில் வெளிச்சம் கசிந்த இடத்தையெல்லாம் சூடு தாங்கும் சிவப்பு சிலிகானால் அடைத்தேன். ஃபின்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சத்தை மட்டும் தொடவே கூடாது, அது காற்றின் பாதை.

அடுத்த முறை ஏறும்போது 395. காற்றுக்கு வழிவிட கவுலிங்கை (எஞ்சின் மூடியை) வெட்டும் முன் இந்த வாஷரை வைத்துப் பாருங்கள்.